மஞ்சள் நைலான் கோட்டு

நான் சொல்லி முடித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், அதோடு விடாமல் இன்னும் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். பேய் பிசாசு, குறி சொல்வது, செத்தவர் கனவில் வருவது, இதிலெல்லாம் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. எங்கள் ஆமத்தூரில் எதிர் வீட்டு அக்கா அடிக்கடி மயங்கி விழுந்தபோது, முனி அடித்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடினார்கள். நான் மட்டும் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள் என்று சொல்லி எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். பார்த்தால் ரத்தசோகை. நான் படித்தது வேதியியல். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தெரியவில்லை என்றால் நமக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம், இதுதான் என் கட்சி. அந்தக் கட்சியை இன்றும் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்சிக்கு டெபாசிட் போய்விட்டது.

முதலில் நைலானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குள் நைலான் வரக் கூடாது. அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவள். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், நாற்காலி மேசை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புஸ்வாணக் குழாயில் மருந்து செலுத்துகிற அறையில் அவளுக்கு வேலை. மருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கலந்தது. ஓர் அறைக்கு நாலு பேர். கதவோரம் செம்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள், உள்ளே நுழையும்போதெல்லாம் அதைத் தொட வேண்டும், உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்திச் சேலை, வெறுங்கால். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நைலான், பாலியஸ்டர் எதுவும் ஆகாது, உரசினால் பொறி வரும், ஒரு பொறி போதும். இன்னொரு சட்டமும் உண்டு. நாலு பேரில் ஒருத்தி எழுந்து ஓடினால் மற்ற மூன்று பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓட வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றவர்களின் கதை எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்கு இந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. ஏழாம் வகுப்பில் சித்தி எனக்கு ஒரு நைலான் பாவாடை வாங்கித் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். 'ஏட்டி, வெளிய போ! கழத்துட்டி அத!' என்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. வீட்டில் மருந்து ஒரு சிட்டிகை கிடையாது, இருந்தாலும் சத்தம் போட்டாள். நான் ஒரு வாரம் அழுதேன்.

முதுகலை இரண்டாம் வருடத்தில் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் ஆறு மாதம் பின்லாந்தில் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. விமானம் ஏறுவதற்கு முன் அம்மாவிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினேன். தீபாவளி முடிந்து ஆபீஸ் திறந்ததும் அவள் மருந்து அறையை விட்டுவிட்டு லேபிள் ஒட்டுகிற பக்கம் மாறிவிட வேண்டும். 'சரிட்டி, மாறிக்கிறேன்' என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பதினாறு வருடமாக ஒன்றும் ஆகாத எனக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்பது அவள் நினைப்பு. பதினாறு வருடம் ஆகிவிட்டதே என்பது என் பயம். அப்பா லோடு லாரியில் வடக்கே போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார், அவளைக் கண்காணிக்க வீட்டில் வேறு ஆளில்லை.

அங்கே விடுதியில் இடமில்லை என்று என்னை ஒரு குடும்பத்தோடு தங்க வைத்தார்கள். மார்யாவுக்கு ஐம்பது வயது, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அவர் கணவர் பெத்ரி எலக்ட்ரீஷியன். கொழுத்த கிழட்டு நாய் ஒன்றும் உண்டு. இரண்டு பேரும் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். அவ்வளவு வயதான மனுஷியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, மார்யாக்கா என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

அந்த ஊர்க் குளிர்காலத்தில், சூடேற்றிய வீட்டுக் காற்றில் ஈரம் என்பதே இருக்காது. கம்பளியைத் தொட்டால் சுள், கதவுப் பிடியைத் தொட்டால் சுள், இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றினால் நீலப் பொறி பறக்கும். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு தடவையும் அம்மாவின் மருந்து அறை ஞாபகம் வரும். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் இருக்கிற தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவேன். இதைக் கவனித்துவிட்டு பெத்ரி ஒருநாள் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது வாசல் நிலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்து, அதிலிருந்து கம்பி இழுத்து மண்ணுக்குள் இறக்கியிருந்தார். 'இது உன் அம்மாவின் தகடு' என்றார். நான் அப்படியே நின்று அழுதுவிட்டேன்.

டிசம்பரில் ஒருநாள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நெற்றியில் விழுந்த முடியை அவள் ஒதுக்கினாள். விரலெல்லாம் வெள்ளியாக மினுங்கியது. லேபிள் ஒட்டுகிற கையில் பசை இருக்கும், அலுமினியப் பவுடர் எங்கிருந்து வரும்?

'என்னம்மா கையில?'

'சும்மா ஒரு தட்டத் தொடச்சு வச்சேன்ட்டி.'

'பொய் சொல்லாத. மருந்து ரூம்லதான இருக்க?'

அம்மா கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு, 'ஆளு பத்தலன்னு போர்மேன் கேட்டாக. புஸ்வாண ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு. இந்த லோடு போகவும் மாறிக்கிறேன்' என்றாள்.

'என் தலையில அடிச்சுல்ல சத்தியம் பண்ணுன?'

'நீ நல்லாத்தான இருக்க?'

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நீ அந்த ரூமை விட்டு வெளியே வருகிறவரைக்கும் உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் தினமும் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்கிறவரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பதினோரு நாள் போயிற்று. என் வீம்பு எங்கள் வட்டாரத்தில் பேர் போனது.

இடையில், ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, என் கோட்டின் ஜிப் அறுந்துவிட்டது. மார்யாக்கா தன்னுடைய பழைய கோட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். நல்ல மஞ்சள், நைலான், இடது தோளில் கிழிந்த இடத்துக்குக் கறுப்புத் துணியில் ஒட்டுப் போட்டது. நைலான் என்று தெரிந்ததும் கை பின்னால் போனது. போடாவிட்டால் விறைத்துச் சாக வேண்டியதுதான், போட்டுக்கொண்டேன். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கோட்டோடு நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவுமில்லை. கண்ணாடியில் பார்த்தால் மஞ்சள் பூசணிக்காய் மாதிரி இருந்தேன், அதை யார் படம் எடுப்பார்கள்?

விடுமுறைக்கு மார்யாக்காவின் தங்கை வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அது நார்வே எல்லையில் இருந்தது, வண்டியில் இரண்டு நாள் பயணம். வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மரமே இல்லாமல் மொட்டைக் குன்றுகளாக நீண்டுகொண்டு போனது. எது தரை, எது உறைந்த ஏரி என்று தெரியாது. பெரிய கொம்பு வைத்த மான்கள் நடுரோட்டில் நம்மூர் எருமைகளின் அதே தெனாவட்டோடு நின்றன, ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் நின்றன. சூரியன் கிடையாது. ராத்திரியில் இல்லை, பகலிலேயே கிடையாது, அந்தப் பக்கத்தில் அது உதித்துப் பல வாரம் ஆகியிருந்தது. மத்தியானத்தை ஒட்டி தெற்கு அடிவானத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு வரும், அதுதான் பகல். மற்றபடி வானமும் நீலம், பனியும் நீலம், நம் கையும் நீலம். விருதுநகர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான், தாரில் செருப்பு ஒட்டுகிற ஊர். வெயிலே இல்லாத உலகம் ஒன்று இருக்கிறது என்று பாடத்தில் படித்தது வேறு, அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது வேறு. சத்தமாக மூச்சு விடக்கூட எனக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவள் 'அப்பிடியாட்டி' என்று வாயில் கை வைப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முதல் நாள் ராத்திரி போனை எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை. இந்த மாதிரிக் கதைகளில் நடுராத்திரி பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும். எனக்கு நடந்தது காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, வண்டிக்குள் இருந்த கடிகாரத்தில் பார்த்தேன். அந்த நாட்டில் ஆளில்லாத வெளிகளில் சின்ன மரவீடுகள் இருக்கும். பூட்டு கிடையாது. வழிப்போக்கர் யாரும் உள்ளே போய் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம், போகும்போது அடுத்து வருகிறவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒரு வீட்டைப் பார்த்து பெத்ரி வண்டியை ஓரமாக நிறுத்தினார், காபி போட்டுக் குடிக்கலாம் என்றார். அவரும் மார்யாக்காவும் பின்பக்கம் திறந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய்க் கதவைத் திறக்கிறேன் என்று நடந்தேன். ரோட்டிலிருந்து நூறு நூற்றிருபது அடி தூரம் இருக்கும், முழங்கால் வரைக்கும் பனி. லேசாகப் பனி பெய்துகொண்டும் இருந்தது.

பாதி தூரத்தில் எனக்கு மருந்து வாசம் வந்தது. நான் சொல்வது வெடித்த பிறகு வருகிற புகை வாசம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். இது வெடிப்பதற்கு முந்தைய வாசம், அம்மாவின் சேலையில் இருக்கும், அவள் தலையணையில் இருக்கும். கந்தகமும் உலோகமும் வியர்வையும் கலந்தது. அம்மா என்றால் எனக்கு அந்த வாசம்தான், அதில் நான் ஏமாற மாட்டேன். நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வீட்டுக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது.

விளக்கு வெளிச்சமாக இருக்கும் என்பீர்கள். இல்லை. அடுப்புத் தீ என்பீர்கள், தீ ஆடும், இது ஆடவில்லை. அது எங்கள் ஊர் மத்தியான வெயில். வெளுத்த மஞ்சள், கண் கூசும், தூசி பறக்கும். அந்த நீலமான பனியின்மேல் ஒரு முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தது. சூரியனே இல்லாத ஊரில் ஒரு துண்டு வெயில். எனக்குப் பயம் என்பதே வரவில்லை, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் வரவில்லை. என்ன அழகு என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கிட்டே போகப் போக முகத்தில் சூடு அடித்தது, கன்னம் வலித்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள், எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

கையுறையைக் கழற்றினேன். தகடு இல்லாத இடங்களில் எப்போதும் கதவுப் பிடியைத் தொடுவதற்கு முன்னால் சாவியால் தொட்டுப் பொறியை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பேன், அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அது தவறியதே இல்லை. அன்று மறந்துவிட்டேன். வெறுங்கையால் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டேன். விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி பாய்ந்தது, அவ்வளவு பெரிய பொறியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தோள் வரைக்கும் சுள்ளென்று ஏறியது. கதவு திறந்தது. முகத்தில் வெள்ளையாக வெளிச்சம் அறைந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து யாரோ என் இடது புஜத்தைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். மல்லாக்கப் பனியில் விழுந்தேன்.

பெத்ரியும் மார்யாக்காவும் ஓடிவந்தார்கள். கதவு திறந்து கிடந்தது, உள்ளே கும்மிருட்டு. பெத்ரி டார்ச் அடித்துப் பார்த்தார். அடுப்பு ஜில்லிட்டுக் கிடந்தது, பெஞ்சின்மேல் இடுக்கு வழியாக வந்த பனி படிந்திருந்தது, ஆள் வந்து பல நாள் இருக்கும் என்றார். வழுக்கி விழுந்திருப்பாய் என்று மார்யாக்கா என்னைத் தூக்கிவிட்டார். ஆனால் பெத்ரி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கல்லில் மட்டும் பனி இல்லை. சுற்றிலும் முழங்கால் உயரம், கதவுக்கு நேரே ஒரு பாய் அகலத்துக்கு உருகிப்போய் கறுப்பாகக் கல் தெரிந்தது, நனைந்திருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்த ஈரம் உறைந்து கண்ணாடியாகிவிட்டது. பெத்ரி கதவை இழுத்துச் சாத்தினார். காபி வேண்டாம், கிளம்பலாம் என்றார். சினிமாவில் இந்த இடத்தில் நாய் ஊளையிடும். எங்கள் நாய் பின் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரு மணி நேரம் போன பிறகு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, அதன் கிட்டே வந்ததும் என் போன் அடிக்க ஆரம்பித்தது. தெரியாத நம்பர், இந்திய நம்பர். எடுத்தேன்.

'ஏட்டி, எங்கன இருக்க?' அம்மாதான்.

'வண்டியிலம்மா. யாரு போனு இது? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?'

'பேச்சி போனு. நீ மஞ்சக் கோட்டா போட்டிருக்க?'

போனைக் காதிலிருந்து எடுத்து அந்த நம்பரை மறுபடி பார்த்தேன். பேச்சியக்கா அம்மாவோடு அதே அறையில் வேலை பார்ப்பவள்.

'சொல்லுட்டி. மஞ்சக் கோட்டா? தோள்ல கறுப்பா ஒட்டுப் போட்டதா?'

'ஆமாம்மா. உனக்கு எப்பிடித் தெரியும்?'

அந்தப் பக்கம் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா அழுது நான் கேட்டதே இல்லை. 'ரூம் போயிருச்சுட்டி. செவரோட போயிருச்சு. நாலு பேரும் வெளிய வந்துட்டோம். எனக்கு ஒண்ணுமில்ல, பேச்சிக்குத்தான் காலு பெசகிருச்சு. சாப்புட்டு வந்து உக்காந்து ரெண்டு குழாகூட அடைக்கல. நிமிந்து பாத்தா கதவுல நீ நிக்கிற. தலையெல்லாம் வெள்ள வெள்ளயா என்னமோ அப்பியிருக்கு. நைலான் கோட்டு, கால்ல பூட்சு. தகட்டக்கூடத் தொடாம உள்ள கால வைக்கப் போற. நீ எப்பிடி இங்கன வந்தன்னுகூட எனக்குத் தோணல. மருந்து ரூமுக்குள்ள நைலானான்னுதான் தோணுச்சு. வெளிய போட்டின்னு கத்திக்கிட்டே ஓடியாந்து உன் கையப் புடிச்சுத் தள்ளுனேன். நான் ஓடவும் அவுக மூணு பேரும் ஓடியாந்துட்டாக. வேப்பமரத்துக்கிட்ட வரல, அதுக்குள்ள...'

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் என்றாள். அந்த நாட்டுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துவிட்டேன்.

என் அம்மா பேய்க்கு ரொம்பப் பயப்படுகிறவள். நான் தலைவிரி கோலமாக, அழுதுகொண்டு, வழக்கமாகப் பேய் வருகிற மாதிரி வந்திருந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாமி பேரைச் சொல்லிக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பாள். நைலானுக்குத்தான் எழுந்தாள். அவளை அந்த இடத்தை விட்டு எழுப்ப இந்த உலகத்தில் அது ஒன்றால்தான் முடியும்.

போனை வைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கி, பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நின்று அவர்களிடம் சொன்னேன். மார்யாக்கா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர் பாதியில் நின்றார். 'உன் கையில் என்ன ஒட்டியிருக்கிறது?' என்றார். குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோட்டின் இடது கையில், முழங்கைக்கு மேலே, பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு கை. கட்டைவிரல், மூன்று விரல், அதற்கு அடுத்தது பாதிதான் இருந்தது. அம்மா சின்ன வயதில் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது கட்டிங் மிஷினில் வலது சுண்டுவிரல் பாதி போனவள். மார்யாக்காவுக்கு அது தெரியாது. அவர் அந்தக் குட்டை விரலைத் தொட்டு, 'இது சின்னதாக இருக்கிறதே' என்றார். அவர் விரல்நுனியில் அலுமினியம் மினுங்கியது.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது கோட்டையும் கொண்டு வந்தேன், மார்யாக்கா இது இனி உன்னுடையது என்று சொல்லிவிட்டார். அம்மா அந்த நாளோடு மருந்து அறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள், இப்போது லேபிள்தான் ஒட்டுகிறாள், கையில் பசைதான் இருக்கிறது. நான் பல தடவை சோதித்துவிட்டேன். கோட்டை வீட்டுக்குள் விடவில்லை, வெளியே கொடியில் போடச் சொன்னாள். போட்டேன். துவைத்தும் அந்தத் தடம் போகவில்லை. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள், தன் வலது கையை எடுத்து அந்தக் கையின்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது. பிறகு, 'எம்புட்டுக் குளிருக்குள்ள இருந்து வந்திருக்க' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குத் தோசை ஊற்றினாள்.

பேச்சியக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்கம்மா அன்னைக்கு யாரடி தள்ளுனா? கதவுல யாருமே இல்லையே. ஆனா நான் ஓடும்போது தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கித்தான் கால் பெசகுச்சு' என்றாள். மருந்து அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகவே மாட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பேன். நாலு உயிரைக் காப்பாற்றப் பனியிலிருந்து போனவள் என்று. ஆனால் போன சித்திரையில், வெங்காயம் உரித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக அம்மா ஒன்று சொன்னாள். 'உன் கையப் புடிச்சேன் பாரு, அப்ப சுள்ளுன்னு ஒரு பொறி அடிச்சுச்சுட்டி. நீலமா. இம்புட்டுப் பெருசு. அத்தோட சரி, நான் திரும்பிப் பாக்கல, ஓடியாந்துட்டேன்.' சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெடித்த காரணத்தை ஆபீஸில் விசாரித்த அதிகாரிகள், ஏதோ உராய்வில் வந்த பொறி என்றுதான் எழுதியிருந்தார்கள்.

வெடிக்கப் போகிறது என்றுதான் நான் அங்கே போனேனா, நான் போனதால்தான் வெடித்ததா? படித்த வேதியியலில் இதற்குப் பதில் இல்லை, அம்மாவிடம் கேட்கத் தைரியமும் இல்லை. கேட்டால் 'நீ வந்தேல்ல, அது போதும்ட்டி' என்று சொல்லிவிடுவாள், எனக்குத் தெரியும். அவளுக்குப் போதும். இப்போதும் வெளியூர் போய்விட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா கையை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். நான் செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு நின்று, முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அதற்குப் பிறகுதான் அவளைத் தொடுகிறேன்.